ரெண்டு மணி நேர ஷீட்

அந்த சானிடைசரை வெச்சு கண்ணாடியைத் துடைக்காதீங்க தம்பி. தப்பா நினைச்சுக்காதீங்க, பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியலை. ஃபிரேம் இல்லாத கண்ணாடி, லென்ஸ்லயே ஓட்டை போட்டு ஸ்க்ரூ மாட்டியிருக்கு. அந்த ஓட்டையைச் சுத்தித்தான் முதல்ல விரியும். ஒரே நாள்ல விரியாது. நீங்க பாட்டுக்கு தினம் துடைப்பீங்க, ஒரு நாள் காலையில எடுத்து மாட்டுறப்ப கையோட வந்துடும். இந்தாங்க, என் கைக்குட்டை. துவைச்சதுதான்.

எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறீங்க. முப்பத்தோரு வருஷம் இதே வேலைதான். ஓசூர்ல ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். பிளாஸ்டிக் ஷீட், ஃபிலிம் எல்லாம் போடுவாங்க. அதுல ஆராய்ச்சிப் பிரிவுக்கு நான் ஹெட். எத்திராஜன்னு பேர். ஹெட்னதும் பெரிசா நினைச்சுக்காதீங்க, கோடவுனுக்குப் பின்னாடி ரெண்டு ரூம். ஒண்ணுல ஏ.சி. போட்டு மெஷின் வெச்சிருந்தோம், இன்னொண்ணுல பிரஸ்ஸும் ஓவனும். ஆள் மூணே பேர். நான், ஜெசிந்தா, மாதையன்.

மாதையன் டெக்னீஷியன். இங்க பாலக்கோடுதான் சொந்த ஊர். அவர் வீட்டுக்குத்தான் போயிட்டு வர்றேன். நான் பஸ் ஏறினதைப் பார்த்தீங்களே, அங்கதான். ஜெசிந்தா வடக்கன்குளத்துப் பொண்ணு. பாலிமர்ல டாக்டரேட். நான் வெறும் எம்.எஸ்ஸி. அதனால என்ன, என் கீழதான் வேலை பார்த்தா, ஒரு நாளும் அந்த வித்தியாசம் வந்ததில்லை. என் பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன். இப்பவும் சொல்றேன், என் பொண்ணு மாதிரிதான். ஆனா நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு அவ வரலை. கார்டு அனுப்பினேன், மெசேஜ் போட்டேன். வரலை. ஒரு வார்த்தை பதிலும் இல்லை. அதைத்தான் என்னால தாங்க முடியலை தம்பி.

இருங்க, முதல்லேருந்து சொல்றேன், ஓசூர் வர இன்னும் நேரம் இருக்கு.

கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும், சுத்தியலால அடிச்சாலும் உடையக்கூடாது. அதுதான் நாங்க தேடின பொருள். கேட்க ரொம்ப சாதாரணமா இருக்கும். தெளிவா இருக்கிற பிளாஸ்டிக் பட்டுனு உடையும். உடையாததுல பார்வை கோணும், சீக்கிரம் கீறல் விழும். ரெண்டையும் ஒண்ணா சேர்க்கணும். ஜெசிந்தா வந்த வருஷம் ஆரம்பிச்சோம். ஒண்ணு மஞ்சளாப் போகும். ஒண்ணு கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கும். ஒண்ணு அச்சுலேருந்து எடுக்கிறப்பவே ரெண்டாப் பிளக்கும். இப்படியே ஏழு வருஷம். இருநூத்துப் பன்னிரண்டாவது கலவை வரைக்கும் போனோம்.

அந்த இருநூத்துப் பன்னிரண்டை எனக்கு மறக்கவே முடியாது. காலையில டேபிள்ல பேப்பர் விரிச்சிருந்தது. ஜெசிந்தா, "சார், அந்தச் செய்தியைப் படிங்க"ன்னா. ஏதோ எங்க கம்பெனி பத்தி வந்திருக்குன்னு நினைச்சு படிச்சேன். ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட் செய்தி. முழுசா படிச்சு முடிச்சுட்டு, இதுல என்னம்மா இருக்குன்னு கேட்டேன். அவ ஓரத்துல விரலை வெச்சு ஷீட்டைத் தூக்கினா. பேப்பர் மேல நாலு மில்லிமீட்டர் கனத்துல ஷீட் இருந்திருக்கு தம்பி. எனக்குத் தெரியவே இல்லை. முப்பது வருஷம் ஷீட்டைப் பார்த்த கண்ணு இது.

மாதையன் ஏணியில ஏறி நின்னு ஒரு கிலோ இரும்புக் குண்டை அது மேல போட்டார். குண்டுதான் எகிறிச்சு. திரும்பப் போட்டார். அன்னைக்கு பூரா போட்டுக்கிட்டே இருந்தார். சாப்பிடக் கூட போகலை. குண்டு எகிறுறப்ப எல்லாம் ஜெசிந்தாவைப் பார்த்து சிரிப்பார். அந்த மனுஷன் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

நல்ல பொருள் தம்பி அது. இதை மட்டும் நீங்க நம்பணும். அந்தப் பொருள் மேல ஒரு குத்தமும் இல்லை.

சிக்கல் எங்க வந்ததுன்னா, ஆற வைக்கிறதுல. சூடா இருக்கிற ஷீட்டை வளைச்சு, ஓட்டை போட்டு, சட்டுனு ஆற விட்டா உள்ள இறுக்கம் நின்னுடும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதைப் பார்க்கிறதுக்கு ஜெசிந்தா ஒரு லைட்டுப் பெட்டி செஞ்சு வெச்சிருந்தா. ரெண்டு கறுப்புப் போலராய்டு ஷீட், நடுவுல நம்ம ஷீட்டை நுழைச்சா, இறுக்கம் இருக்கிற இடமெல்லாம் கலர் கலரா தெரியும். பச்சை, ஊதா, ரோஸ், ஓட்டையைச் சுத்தி வளையம் வளையமா. ஆபீஸ்லேருந்து எல்லாம் வந்து பார்த்துட்டுப் போவாங்க, அக்கவுன்ட்ஸ் அம்மா ஒருத்தங்க போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ஜெசிந்தாவுக்குப் பிடிக்காது. "சார், இது அழகு இல்லை. உடையறதுக்குக் காத்துக்கிட்டிருக்கிற இடம்"னு சொல்வா.

அதைப் போக்குறதுக்கு ஆறு மணி நேரம் ஓவன்ல வெக்கணும். மெதுவா சூடேத்தி, மெதுவா இறக்கணும். ஆறு மணி நேரம் வெச்ச ஷீட்டைப் பெட்டியில நுழைச்சா கறுப்பா இருக்கும். ஒரு கலரும் இருக்காது. அதுதான் நல்ல ஷீட்.

அந்த வருஷம்தான் கம்பெனிக்குப் புது டைரக்டர் வந்தார். ஏழு வருஷமா இவங்க என்ன கிழிச்சாங்கன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். மார்ச்சுக்குள்ள இந்தப் பிரிவுலேருந்து ஒரு பொருள் மார்க்கெட்டுக்குப் போகலைன்னா, பிரிவை மூடிடுவோம்னு என்னைக் கூப்பிட்டு சொல்லிட்டார். கிரைண்டிங் வேலை பண்றவங்க போடுற ஃபேஸ் ஷீல்டு, முகத்துக்கு முன்னாடி தொங்குமே, அதுக்கு எங்க ஷீட்டைக் கேட்டு ஒரு பார்ட்டி வந்திருந்தாங்க. பெரிய பார்ட்டி. ஆனா புரொடக்‌ஷன்ல ஓவன் ஒண்ணுதான். ஆறு மணி நேரம்னா அவங்க கேட்கிற அளவு வராது, ரெண்டு மணி நேரம் வெச்சா போதுமான்னு மேலிடத்துலேருந்து கேட்டாங்க.

ஜெசிந்தா ரெண்டு மணி நேர ஷீட் நாற்பது எடுத்தா. உள்ள இறுக்கம் இருக்கிற ஷீட்ல எண்ணெய், சானிடைசர் மாதிரி ஏதாவது பட்டா விரிசல் விடும், அதைப் பார்க்க மெஷின் எண்ணெயைத் தடவி வெச்சா. பத்து நாள் கழிச்சுப் பார்த்தா ஒன்பது ஷீட்ல ஓட்டைகிட்ட முடி மாதிரி கோடு. ரிப்போர்ட் எழுதினா. இங்கிலீஷ்லதான். தமிழ்ல சொன்னா, ரெண்டு மணி நேரம் வெச்ச ஷீட்டை முகக் கவசத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அவ்வளவுதான். ஒரே வரி. கீழ கோடு போட்டிருந்தா.

இங்கதான் தம்பி எல்லாரும் என்னைத் தப்பா நினைக்கிறாங்க. நான் அந்த ரிப்போர்ட்டை மறைக்கலை. ஒரு நம்பரை மாத்தலை. நாற்பதுல ஒன்பதுன்னு இருந்தது, நாற்பதுல ஒன்பதுன்னேதான் போச்சு. அந்த வரி மட்டும் ரொம்ப முரட்டுத்தனமா இருந்தது. மேலிடத்துக்கு எழுதுறப்ப ஒரு முறை இருக்கு இல்லையா. பயன்படுத்துறதுக்கு முன்னாடி மேலும் ஆய்வு செய்வது நல்லதுன்னு மாத்தினேன். பாஷையைத்தான் மாத்தினேன். விஷயம் ஒண்ணுதானே.

டைப் அடிச்சு வந்த காகிதத்தை எடுத்துக்கிட்டு என் டேபிளுக்கு வந்தா.

"சார், ‘கூடாது’ எங்க போச்சு?"

நான் உட்காரச் சொன்னேன். கூடாதுன்னு எழுதினா மேல இருக்கிறவங்க அதோட படிக்கிறதை நிறுத்திடுவாங்கம்மா, இப்படி எழுதினா யோசிப்பாங்கன்னேன். பிரிவை மூடினா உனக்கு வேற வேலை கிடைச்சிடும், மாதையனுக்கு யார் குடுப்பா, அவர் பொண்ணு இப்பத்தான் நர்சிங் சேர்ந்திருக்குன்னேன். உண்மைதானே. நம்ம பொருள் வெளிய போகட்டும், அப்புறம் இன்னொரு ஓவன் வாங்கச் சொல்லி நானே சண்டை போடுறேன்னு சொன்னேன். அவ உட்காரவே இல்லை. காகிதத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் குனிஞ்சு கையெழுத்துப் போட்டா. என் கையெழுத்துக்குக் கீழ.

யாரும் கையைப் பிடிச்சுப் போட வைக்கலை தம்பி. அவளும் கையெழுத்துப் போட்டா.

மேல யோசிக்கத்தான் செஞ்சாங்க. யோசிச்சு ரெண்டு மணி நேரம் போதும்னு முடிவு பண்ணாங்க.

பிப்ரவரியில அந்தப் பார்ட்டி நேர்ல பார்க்க வந்தாங்க. அன்னைக்கு ஜெசிந்தா ஊர்ல இல்லை. சித்தி மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் போயிட்டு அடுத்த நாளே வந்துடுறேன் சார், டெமோவுக்கு இருக்கேன்னுதான் சொன்னா. நான்தான், ஒரு வாரம் இருந்துட்டு வாம்மா, இதுக்கெல்லாம் எதுக்கு ஓடி வர்றேன்னு அனுப்பி வெச்சேன். அவ இருந்தா எதையாவது சொல்லிடுவாளோன்னு இல்லை. அப்படியெல்லாம் நான் நினைக்கலை. ஏழு வருஷமா அந்தப் பொண்ணு ஒரு லீவு ஒழுங்கா எடுத்ததில்லை, அதனாலதான்.

எங்க ரூம்ல ஆறு மணி நேர ஷீட்ல செஞ்ச ஷீல்டு நாலு இருந்தது. அதை ஏன் கொண்டு போகலைன்னு அப்புறம் விசாரணையில கேட்டாங்க. வர்றவங்களுக்குக் குடுக்கப்போறது ரெண்டு மணி நேர ஷீட். காட்டுறது ஆறு மணி நேர ஷீட்டா? அது ஏமாத்து வேலை இல்லையா? அந்தப் பழக்கம் என்கிட்ட கிடையாது. லைன்ல போட்டதையே எடுத்துட்டு வரச் சொன்னேன். அது பத்துப் பதினஞ்சு நாளா ஷாப் ஃப்ளோர்ல கிடந்தது. எண்ணெய்க் கையெல்லாம் பட்டிருக்கும்.

கிரைண்டிங் வீல்ல ஒருத்தர் நின்னு வேலை செஞ்சு காட்டணும். புரொடக்‌ஷன்ல ஒருத்தரைச் சொல்லியிருந்தாங்க. மாதையன் ஒத்துக்கலை. இது பொறந்ததுலேருந்து நான் பார்த்துக்கிட்டிருக்கேன் சார், நானே போட்டுக்கறேன்னார். எண்ணெய் வெச்சுத் தலை சீவி, புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தார். இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது, நீலத்துல கட்டம் போட்ட சட்டை.

காலையில பதினொரு மணி. பார்ட்டி நாலு பேர், டைரக்டர், நான். மாதையன் இரும்புக் கம்பியை வீல்ல வெச்சார். பொறி பறந்தது. எல்லாரும் ஷீல்டு வழியா அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னோம். அவ்வளவு தெளிவு. நடுவுல ஏதோ இருக்குன்னே தெரியாது. பார்ட்டியில பெரியவர் ஒருத்தர் என் பக்கம் திரும்பி ஏதோ பாராட்டா சொல்லிக்கிட்டிருந்தார். அந்த நேரத்துல வீல்ல ஒரு சில்லு தெறிச்சது. அதைத் தடுக்கத்தான் ஷீல்டே. சில்லு சின்னதுதான், கொட்டைப்பாக்கு அளவு கூட இருக்காது. ஷீல்டு ஓட்டைகிட்டேருந்து பிளந்துடுச்சு. கண்ணாடி டம்ளர் கீழ விழுந்தா கேட்குமே, அந்தச் சத்தம். ஷீட்டோட துண்டுதான் வலது கண்ணுல போச்சு. வீல் சில்லு இல்லை. எங்க ஷீட்.

அவர் கத்தலை. வீலை நிறுத்தினார். அவரே கை நீட்டி சுவிட்சை அணைச்சார். அப்புறம் முகத்தை மூடிக்கிட்டே என்னைத் தேடித் திரும்பினார்.

"சார், ஷீட் உடைஞ்சுபோச்சு சார்."

அதைத்தான் சொன்னார் தம்பி. கண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.

பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ரெண்டு ஆபரேஷன் பண்ணாங்க. கண்ணைக் காப்பாத்த முடியலை. நான் தினம் போனேன், பதினாறு நாள். அவர் சம்சாரம் சாலம்மா வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்திருப்பாங்க. டாக்டர் சொல்றதையெல்லாம் நான்தான் அவங்களுக்கு எடுத்துச் சொல்வேன். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு.

விசாரணை வெச்சாங்க. டேபிளுக்கு அந்தப் பக்கம் மூணு பேர், இந்தப் பக்கம் நானும் ஜெசிந்தாவும். சேதி கேட்டு ஊர்லேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, அங்கேருந்து வந்திருந்தா. ரிப்போர்ட்டைக் காட்டி, ஒன்பது ஷீட் விரிஞ்சதுன்னு தெரிஞ்சும் ஏன் இதை இன்னும் அழுத்தமா எழுதலைன்னு கேட்டாங்க. என்னைப் பார்த்துக் கேட்டாங்களா, அவளைப் பார்த்துக் கேட்டாங்களான்னு எனக்கு இன்னும் சரியா தெரியலை. நான் தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள அவ பேசிட்டா.

"கூடாதுன்னு எழுதத் தெரியும். எழுதவும் செஞ்சேன். அது இல்லாத காகிதத்துலயும் நான் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது."

அவ்வளவுதான் சொன்னா. யார் மாத்தினாங்கன்னு அவங்க கேட்கலை, அவளும் சொல்லலை. நான் பேசலை. அவளே ஒத்துக்கிறப்ப நடுவுல புகுந்து நான் என்ன பேசுறது? மரியாதையா இருக்குமா? வெளிய வந்து, ஏம்மா இப்படி எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கிட்டேன்னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தா. கோபம்னு சொல்ல முடியாது. அந்த லைட்டுப் பெட்டியில ஷீட்டைப் பார்ப்பாளே, அந்த மாதிரி. அப்படியே படியிறங்கிப் போயிட்டா.

ஒரு வாரத்துல வேலையை விட்டுட்டா. மார்ச்சுல பிரிவையும் மூடிட்டாங்க. எதுக்காக நான் அந்த வரியை மாத்தினேனோ அதுவும் நடக்கலை பாருங்க. அவ எழுதின நோட்டுப் புஸ்தகம் பதினேழு, அட்டைப்பெட்டியில போட்டு கோடவுனுக்கு அனுப்பினேன். இருநூத்துப் பன்னிரண்டு எப்படி செய்யறதுன்னு அதுலதான் இருக்கு. அதுக்கப்புறம் யாரும் திறந்து பார்க்கலை. மாதையனுக்குக் கேட்டுல செக்யூரிட்டி வேலை குடுக்கிறோம்னாங்க. வேண்டாம்னுட்டார். என்னை மட்டும் பர்ச்சேஸுக்கு மாத்தினாங்க. ரெண்டு வருஷம் டப்பாவும் டேப்பும் வாங்கிக்கிட்டிருந்துட்டு ரிட்டயர் ஆனேன்.

ஜெசிந்தா இப்ப ஊர்ப்பக்கம் ஏதோ ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறாளாம். பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு. டாக்டரேட் வாங்கின பொண்ணு. அந்த மாதிரி ஒரு பொருளை இந்த நாட்டுல வேற எந்தக் கம்பெனியும் அப்ப செஞ்சிருக்கலைன்னு நான் நினைக்கிறேன். அதைச் செஞ்ச கை இப்ப சாக்பீஸ் பிடிக்குது. நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்காது.

சரி, இன்னைக்கு எதுக்கு மாதையன் வீட்டுக்குப் போனேன்னு சொல்லலையே. அவ நம்பர் கேட்கத்தான். பழைய நம்பர் போறதில்லை. மாதையனைப் பார்க்க அவ வருஷா வருஷம் வர்றான்னு கேள்விப்பட்டேன். அங்க வர்றா, எனக்கு ஒரு போன் இல்லை. நேர்ல கேட்டுடணும், நான் என்ன பண்ணேன் உனக்குன்னு. நாலு வருஷமா மாதையன் வீட்டுக்கு நான் போனதில்லை. போகணும் போகணும்னுதான் இருந்தேன்.

மாவு மில் வெச்சிருக்கார். வீட்டுக்கு முன்பக்கமே மில். நான் போனப்ப கேழ்வரகு ஓடிக்கிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டார். மேலெல்லாம் மாவு. வாங்க சார்னு துண்டால சேரைத் தட்டிப் போட்டார். நல்லாத்தான் பேசினார். என் சர்க்கரை பத்திக் கேட்டார், பையன் பத்திக் கேட்டார். பொண்ணு நர்சிங் முடிச்சு சேலத்துல வேலை பார்க்குதாம். சாலம்மா மோர் கொண்டு வந்து வெச்சாங்க. வெச்ச கையோட உள்ள போயிட்டாங்க. கண்ணுக்கு வேற கண்ணு வெச்சிருக்கார். அசையாது, அவ்வளவுதான். அதுலயே பார்த்துக்கிட்டிருக்கக் கூடாதுன்னு நான் மோரைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஜெசிந்தா நம்பரைக் கேட்டேன். மேடம் போன ஆவணியில வந்தாங்க சார், இதே சேர்லதான் உட்கார்ந்தாங்கன்னார். ரிப்போர்ட் விஷயம் பூரா சொன்னாங்களாம். முதல்ல என்ன எழுதினாங்க, அப்புறம் என்னவா ஆச்சுன்னு. நான் கையெழுத்துப் போடலைன்னா உங்களுக்குக் கண்ணு இருந்திருக்கும்னு சொல்லி அழுதாங்களாம். என்னைப் பத்தி என்ன சொன்னான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலை சார்னார்.

"அந்த வரியை மாத்தினது யாருன்னு கேட்டேன். மேடம் சொல்லலை. அதான் உங்களைக் கேட்கிறேன்."

நான் பொய் சொல்லலை தம்பி. நான்தான் மாத்தினேன்னு சொன்னேன். ஏன் மாத்தினேன்னும் விளக்கமா சொன்னேன். பிரிவு, மார்ச் மாசம், அவர் பொண்ணு படிப்பு, எல்லாம். அவர் பொறுமையாக் கேட்டார். கடைசியில ஒரு கேள்வி கேட்டார்.

"நான்தான் போட்டுக்கப்போறேன்னு தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பீங்களா சார்?"

ஒரு நொடி கூட யோசிக்கலை. சத்தியமா மாத்தியிருக்க மாட்டேன் மாதையன், உங்களுக்குன்னு தெரிஞ்சா செய்வேனான்னு சொன்னேன். மனசார சொன்னேன். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

அவர் தலையைக் குனிஞ்சு கையில இருந்த மாவைத் தட்டினார். கோபமே இல்லை அந்தக் குரல்ல.

"அன்னைக்கு நான் அதை மாட்டிக்கிட்டப்ப நீங்க பக்கத்துலதானே சார் நின்னீங்க. பின்னாடி ஸ்ட்ராப்பை நீங்கதானே இறுக்கி விட்டீங்க."

எனக்கு அது மறந்தே போயிருந்தது தம்பி. நிஜமாவே மறந்துபோயிருந்தது. அவர் சொன்னதும் ஞாபகம் வந்துடுச்சு. பின்னந்தலையில எண்ணெயும் வேர்வையும். விரல் வழுக்கிச்சு. ரெண்டு தடவை இழுத்து மாட்டினேன். போதுமா மாதையன்னு கேட்டேன். போதும் சார்னார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள ஒரு அம்மா கோதுமைத் தூக்கோட வந்து நின்னாங்க. அவர் எழுந்து போய் மில்லைப் போட்டுட்டார். அது ஓடுறப்ப பக்கத்துல நின்னு பேசினாலும் கேட்காது. கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். நம்பர் தரலை. வர்றேன் மாதையன்னு சொன்னேன். கேட்டுச்சோ என்னவோ, அவர் திரும்பலை.

ஸ்ட்ராப் லூசா இருந்தது தம்பி. கழண்டு விழுந்துடுமேன்னுதான் இறுக்கி விட்டேன்.